ரிங்கொவுக்கு நான் சிரித்த சிரிப்பு

ஒரு பெண்ணைக் கேலி பேசியே வாயை மூட வைத்தவன் நான். மூன்று வருடங்களுக்கு முன்பு சிவகாசியில் ஓர் அச்சகத்தில் நடந்தது.

ஆங்கில ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அங்கே புரூப் திருத்தப் போய்க்கொண்டிருந்தேன். டைரி சீசன். பைண்டிங்கில் தாள் அடுக்கிய அந்தப் பெண்ணின் பெற்றோர் ஏழாயிரம்பண்ணையில் பட்டாசு வேலை பார்ப்பவர்கள். அவளோ ஜப்பானில் முதியோரைப் பராமரிக்கும் வேலைக்காக அந்த மொழியைப் படித்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் போனைப் பார்த்து, ஆப்பிளுக்கு அவர்கள் சொல்லும் "ரிங்கொ"வைச் சத்தமாகச் சொல்லிப் பழகுவாள்.

"ஏம்மா, தூக்குவாளியில புளிச்சோறு, வாயில மட்டும் ஜப்பான் ஆப்பிளா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அது எனக்குப் பிடித்துப்போனது. அன்றிலிருந்து அவளை 'ரிங்கொ' என்றே கூப்பிட்டேன், மற்றவர்களும் தொடர்ந்தார்கள். அவள் சத்தமாகப் படிப்பதையே விட்டுவிட்டாள்.

ஜப்பான் வேலைக்கான நேர்காணலில் அவள் தேறவில்லை என்று கேள்விப்பட்டு, அவளிடம் காரணம் கேட்டேன்.

"ஆப்பிள் படத்தைத்தான் காட்டுனாக சார். வார்த்தை தெரியும். வாயைத் திறக்கப் போனா, நீங்கல்லாம் சிரிச்சதுதான் காதுல கேட்டுச்சு" என்றாள். குரலில் கோபமே இல்லை.

மறுநாள் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். புரூப் பார்க்கும்போது ஒருவர் உரக்க வாசிக்க, இன்னொருவர் தாளைப் பார்த்துத் திருத்துவது எங்கள் வழக்கம். அதேபோல், ஜப்பானியச் சொற்களை ஆங்கில எழுத்திலும் போட்டிருந்த அவளுடைய புத்தகத்தை நான் வாசிக்கிறேன், அவள் திருத்தட்டும் என்றேன்.

முதல் சொல்லே 'ரிங்கொ'. அதிலேயே மாட்டிக்கொண்டேன். "கோன்னு இழுக்காதீக சார், குறில். நடுவுல 'ங்'குக்கும் ஒரு தட்டு நிக்கணும்" என்று மேசையில் மூன்று முறை தட்டிக் காட்டினாள்.

"சாருக்கு இம்போசிஷன் குடு தாயி" என்றார் பக்கத்தில் தாள் அடுக்கிய ஓர் அம்மாள். பைண்டிங்கே சிரித்தது. நான் விடாமல் வாசித்தேன். நாலாம் நாள் அவளே உரக்க வாசிக்க ஆரம்பித்தாள். நான் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த நேர்காணலில் தேறிவிட்டாள். இப்போது ஜப்பானில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. போன வாரம் போனில் பேசினாள். அங்கே என் வயதுக்காரர் ஒருவர் தினமும் அவளுடைய பேச்சைத் திருத்துகிறாராம். சிரிக்க மாட்டாரா என்று தயங்கித்தான் கேட்டேன்.

"சிரிப்பாரு சார். நானும் சேந்து சிரிப்பேன், திரும்பச் சொல்லுவேன்" என்றாள்.

நான் செய்தது இல்லையென்று ஆகிவிடாது. ஆனாலும் அதைக் கேட்டதிலிருந்து என்மேல் எனக்கிருந்த கோபம் கொஞ்சம் தணிந்திருக்கிறது.