மூன்றாம் பாடம்: கணவரின் பெயர்

எங்கள் பக்கத்து வீட்டு மார்கிரெட் தன் புருசனைக் கூப்பிடுகிற விதத்துக்கு என் காது இன்னும் பழகவில்லை. காலை எட்டு மணிக்குப் பின்கதவைத் திறந்து "பொப்!" என்று ஒரு சத்தம் வைப்பாள். எண்பது வயது மனிதர், குப்பை வாளியோடு முற்றத்தில் நிற்பவர், திடுக்கிட்டுத் திரும்புவார். எங்கள் ஊரில் அப்படிக் குரல் எடுத்துக் கூப்பிட்டால் அது ஒன்றில் அவிழ்ந்துபோன கன்றுக்குட்டியாக இருக்கும், இல்லாவிட்டால் பள்ளிக்கூடத்துக்குப் பிந்துகிற பெடியனாக இருக்கும். கனடாவில், ஸ்காபரோவிலுள்ள இந்த வீட்டுக்கு வந்து பதினாறு வருடமாகியும் அந்தச் சத்தத்துக்கு என் கையிலுள்ள தேத்தண்ணிக் கோப்பை ஒருமுறை ஆடத்தான் செய்கிறது. மார்கிரெட்டுக்கோ என்னைப் பற்றி வேறு கவலை. ஒருநாள் வேலிக்கு மேலால் எட்டி, குரலைத் தாழ்த்தி, உனக்கும் உன் கணவருக்கும் ஏதாவது மனஸ்தாபமா என்று கேட்டாள். இல்லையே என்றேன். இத்தனை வருடத்தில் நீ அவரைப் பெயர் சொல்லி அழைத்து நான் கேட்டதே இல்லையே என்றாள். "அது எங்கள் வழக்கம், மரியாதைக்காக" என்று நான் சொல்லப்போக, என் ஆங்கிலத்தில் அது "மரியாதை கொடுக்காவிட்டால் அவருக்குப் பிடிக்காது" என்று வந்துவிட்டது போலும். அடுத்த கிழமை, வீட்டில் கொடுமைப்படும் பெண்களுக்கு உதவி செய்கிற நிலையம் ஒன்றின் துண்டுப்பிரசுரம் எங்கள் தபால்பெட்டிக்குள் கிடந்தது. இவர் அதை எடுத்து முழுக்க வாசித்துவிட்டு, "என்னப்பா, என்னைப் பற்றி ஊரெல்லாம் சொல்லித் திரியிறீரோ?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது.

இவருடைய பெயர் முருகதாஸ். எழுதுவதில் குற்றமில்லை. வாயால் சொல்லத்தான் கூடாது. சொன்னால் புருசனின் ஆயுள் குறையும் என்பது யாழ்ப்பாணத்து வடமராட்சியில் எங்களுக்கு யாரும் இருத்திவைத்துப் படிப்பித்த பாடமல்ல, சோறு தின்னப் பழகியது மாதிரி வந்தது. கலியாணம் முடிந்த கையோடு என் வாயிலிருந்து முருகனும் போய்விட்டார். தொண்டைமானாற்றுச் சந்நிதிக்குப் போனாலும் "சந்நிதியானே" என்றுதான் கும்பிடுவேன். குண்டு போடுகிற பொம்மர் வந்து தலைக்கு மேலே சுற்றும்போது ஊரே "முருகா, முருகா" என்று பதுங்குகுழிப் பங்கருக்குள் இறங்கும். நான் மட்டும் "பிள்ளையாரே" என்று கத்திக்கொண்டு இறங்குவேன். "தம்பியாரைக் கூப்பிட வெக்கப்பட்டுத் தமையனைக் கூப்பிடுறாள்" என்று மாமி, அதாவது இவருடைய தாயார், அந்த நேரத்திலும் சிரிப்பா.

கலியாணம் முடிந்து நாற்பத்தோராம் நாள் இவர் கனடாவுக்கு வெளிக்கிட்டுவிட்டார். தொண்ணூற்றொன்றில் கடிதம் வந்தது. ஸ்பொன்சர் போட்டாயிற்று, கொழும்பில் எம்பசியில் நேர்முகம் இருக்கும், அதற்குள் கொஞ்சம் இங்கிலீசு படியும் என்று எழுதியிருந்தார். நெல்லியடிச் சந்தைக்குப் பின்னால் ஓர் ஓலைக் கொட்டிலில் பின்னேரம் மூன்று மணிக்கு வகுப்பு. படிப்பித்தவள் கலா ரீச்சர். பெயர்தான் ரீச்சர், வயது பத்தொன்பது. ஏ லெவல் சோதனை எழுதிவிட்டுப் பல்கலைக்கழகக் கம்பஸ் திறக்கும் என்று காத்துக்கொண்டிருந்த பிள்ளை. படிக்க வந்த நாங்கள் பன்னிரண்டு பேரும் அவளைவிட மூத்தவர்கள், எல்லோருடைய புருசன்மாரும் வெளிநாட்டில். சந்தையில் எங்களுக்கு "ஸ்பொன்சர் வகுப்பு" என்று பெயர்.

முதலாம் பாடம், என் பெயர் இன்னது. சின்ன விசயம்தானே என்று நினைப்பீர்கள். எங்கள் பக்கத்தில் ஒரு பெட்டையைக் கண்டால் யார் பெயரைக் கேட்டார்கள்? "நீ ஆற்றை மகள்?" என்று தகப்பனைத்தான் விசாரிப்பார்கள். கலியாணம் முடிந்தால் "ஆற்றை பெஞ்சாதி?" அவ்வளவுதான். "மை நேம் இஸ்" என்று எழும்பி நின்று என் பெயரை நானே உரத்துச் சொன்னபோது ஏதோ சட்டையில்லாமல் சபையில் நின்ற மாதிரிக் கூசியது. இரண்டாம் பாடம், வீட்டுப் பொருட்கள். புத்தகத்தில் ஃபான் சுற்றியது, பல்ப் எரிந்தது, பிரிட்ஜுக்குள் பால் இருந்தது. எங்களுக்குக் கரண்ட் போய் ஒரு வருடம், வீட்டில் ஜாம் போத்தல் விளக்கு. அடுத்த பக்கத்தில் ஒரு கோச்சி, புகைவண்டிதான், நிலையத்துக்கு வந்து நின்றது. யாழ்ப்பாணத்துக்கு வந்த கோச்சி நின்றே போய், தண்டவாளத்துச் சிலிப்பர் கட்டையெல்லாம் பங்கர்களுக்கு மேலே ஏறியிருந்த காலம் அது. "ரீச்சர், உதுகளை எங்கை போய்ப் பாக்கிறது?" என்று செல்வராணி கேட்டாள். "நீங்கள் போற இடத்திலை பாப்பியள் அக்கா. நான்தான் பாக்கமாட்டன்" என்று கலா சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

மூன்றாம் பாடத்தில்தான் வகுப்பு மல்லாக்காய் விழுந்தது. குடும்பம். கணவரின் பெயர் என்ன? கலா ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தாள். ஒருத்தி நிலத்தைப் பார்த்தாள். ஒருத்தி கொப்பியில் எழுதிக் காட்டினாள். ஒருத்திக்கு அழுகையே வந்துவிட்டது. கடலுக்கு அப்பால் குளிரில் கிடக்கிற மனிசனின் ஆயுளோடு விளையாட யாருக்கு மனம் வரும்? எங்களிடம் மிச்சம் இருந்ததே அந்த ஆயுள்தான். கலியாணமாகாத கலாவுக்கு அது விளங்கவில்லை. "எம்பசியிலை கேப்பாங்கள் அக்காமார், சொல்லாட்டில் விசா இல்லை" என்று கெஞ்சினாள். கடைசியில் செல்வராணிதான் வழி கண்டாள். வாங்கில் என் பக்கத்தில் இருக்கிறவள், அச்சுவேலியில் பிறந்து கரவெட்டியில் வாழ்க்கைப்பட்டவள், வாய்க்காரி. "ரீச்சர், நான் இவவின்ரை ஆளின்ரை பேரைச் சொல்லுறன், இவ என்ரை ஆளின்ரை பேரைச் சொல்லட்டும். வசனம் பழகினால் சரிதானே?" கொட்டில் சிரித்து ஓய்ந்தது. கலாவும் தலையாட்டினாள். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் வரவு இடாப்புக் கூப்பிடுகிற மாதிரி அந்தக் கேள்வியோடுதான் வகுப்புத் தொடங்கும். நான் எழும்பி, "மை ஹஸ்பண்ட்ஸ் நேம் இஸ் கனகலிங்கம்" என்பேன். செல்வராணி எழும்பி, என்னுடையவரின் பெயரை மணி அடித்த மாதிரிச் சொல்லுவாள். எட்டு மாதம் இப்படிப் படித்தோம்.

நேர்முகத்துக்குத் திகதி வந்தது. ஊரை விட்டு வெளியேறப் பாஸ் எடுத்து, கிளாலிக் கடலைப் படகில் கடந்து, கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் தங்கி எம்பசிக்குப் போனேன். மொழிபெயர்க்க ஒரு தமிழ் ஐயா இருந்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எட்டு மாதப் படிப்பின் திமிர். வெள்ளைக்காரத் துரை நல்ல மனிதர், ஆறுதலாகக் கேட்டார். பெயர், வயது, ஊர், தாய் தகப்பன், எல்லாவற்றுக்கும் டக் டக்கென்று பதில் சொன்னேன். கணவரின் பெயர் என்ன என்று கேட்டார். யோசிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. நாளாந்தம் சொன்ன வசனம், வாய் தானாகத் திறந்தது. "மை ஹஸ்பண்ட்ஸ் நேம் இஸ் கனகலிங்கம்." உச்சரிப்பும் திறம். அவர் ஃபைலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பக் கேட்டார். அவருக்குக் கேட்கவில்லையாக்கும் என்று நினைத்து இன்னும் சத்தமாகச் சொன்னேன். தமிழ் ஐயா தலையை நிமிர்த்தின பிறகுதான் எனக்கு உயிர் போய் வந்தது. "பிள்ளை, உங்கடை அவற்றை பேரைச் சொல்லுங்கோ" என்று அவர் தமிழில் கேட்டார். ஒரு கடதாசியில் எழுதிக் கொடுத்தேன். துரை அதை வாங்கி வைத்தார். "அப்ப கனகலிங்கம் ஆரெண்டு கேக்கிறார்" என்றார் ஐயா. "என்ரை சிநேகிதியின்ரை புருசன்" என்றேன். அது ஆங்கிலத்தில் போய்ச் சேர்ந்தபோது எப்படி இருந்திருக்கும் என்று இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

விசா இல்லை. திருமணம் உண்மையானதா என்று சந்தேகமாம். அந்தச் செய்தி, நான் சொன்ன பெயரோடு சேர்ந்து, என்னைவிட முன்னதாகக் கனடாவுக்குப் போய்விட்டது. இவருடைய கடிதம் நாலு மாதம் கழித்து வந்தது. சுகம் விசாரிப்பு இல்லை, ஒரேயொரு வரி. "கனகலிங்கம் எண்டது ஆர்?" ஐயோ, அந்தக் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு நான் கிணற்றடியில் இருந்து அழுத அழுகை! நாற்பது நாள் கூடி இருந்த ஒருவருக்கு என்னைப் பற்றி என்ன தெரியும்? விசா போனால் இன்னொருமுறை கேட்கலாம். இந்த மனிசன் போனால்? நான் எழுதிய பதிலை நானே நம்பவில்லை. இப்படியும் ஒரு விசரி இருப்பாளா என்றுதான் யாரும் நினைப்பார்கள். மாமி கடிதத்தைக் கேட்டு வாங்கி வாசித்தா. "விடிய விடிய இராமர் கதை, விடிஞ்சால் இராமருக்குச் சீதை என்ன முறையெண்டு கேட்ட கதையாப் போச்சு உன்ரை படிப்பு" என்று என் தலையில் ஒரு குட்டு வைத்தா. பிறகு கொப்பித் தாளைக் கிழித்துத் தானே மகனுக்கு எழுதினா. "உவள் உன்ரை ஆயுளைக் காப்பாத்தப்போய் விசாவைத் துலைச்சவள். விசர்க்கதை எழுதாமல் இன்னொருக்கால் ஸ்பொன்சர் போடு." செல்வராணியும் ஒரு கடிதம் எழுதினாள், வகுப்பின் மிச்சப் பத்துப் பேரிடமும் கையெழுத்து வாங்கி, கலா ரீச்சரின் ஒப்பத்தோடு. என் பிழையில் பாடம் படித்துத் தன் நேர்முகத்தில் தப்பித்துப் பாரிசுக்குப் போனவள் அவள். இன்றைக்கும் ரெலிபோனில் "உம்மடை கனகலிங்கத்தார் சுகமாய் இருக்கிறார்" என்றுதான் பேச்சைத் தொடங்குவாள்.

இவருடைய மறுபதில் வந்தது. "அடுத்தமுறை என்ரை பேரைச் சொல்லும். ஆயுளைப் பிறகு பாப்பம்." அதை வாசித்துவிட்டு மறுபடியும் அழுதேன், இந்த முறை வேறு அழுகை. ஆனால் சொல்லிப் பழகவேண்டுமே! வீட்டில் சொன்னால் மாமிக்குக் கேட்கும், வளவில் சொன்னால் அயலுக்குக் கேட்கும். பங்கருக்குள் இறங்கி, சிலிப்பர் கட்டையைப் பார்த்துக்கொண்டு சொல்லிப் பழகினேன். முதலில் "முருக" மட்டும் வரும், மிச்சம் தொண்டைக்குள் நிற்கும். ஒருநாள் மேலிருந்து மாமியின் குரல் கேட்டது. "பிள்ளை, முருகா எண்டோ கூப்பிட்டாய்? பொம்மர் ஒண்டும் வரேல்லையே, ஏன் பயப்பிடுறாய்?" ஓம் மாமி, சும்மா கும்பிட்டனான் என்றேன். அவவுக்கு விளங்கியிருக்கும், விளங்காத மாதிரி விட்டுவிட்டா. தொண்ணூற்று நாலில் இரண்டாம் நேர்முகம். சொன்னேன். ஒரேயொரு முறை, கண்ணை மூடிக்கொண்டு. வெளியே வந்து கண்ட முதல் கோயிலில் அவருடைய பெயருக்கு அர்ச்சனை செய்தேன். ஐயர் பெயரைக் கேட்டபோது துண்டில் எழுதித்தான் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு அந்தப் பெயர் எனக்குத் தேவைப்படவில்லை. இங்கே எந்தக் கவுண்டரிலும் அட்டையை நீட்டினால் போதும். கலா ரீச்சர் மட்டும் அங்கேயே நின்றுவிட்டாள். தொண்ணூற்றைந்து இடப்பெயர்வுக்குப் பிறகு அவளைப் பற்றி யாரிடம் கேட்டும் சரியான பதில் கிடைக்கவில்லை. ஃபானும் பிரிட்ஜும் அவள் பார்த்தாளோ தெரியாது. பொத்தானை அமுக்கி வீட்டு விளக்கைப் போடும்போது சில நாட்களில் அவள் ஞாபகம் வரும்.

போன மாரிக் குளிரில் இவருக்கு இருதயத்தில் பைபாஸ் செய்தார்கள். மறுநாள் காலை பத்து மணிக்குமேல் ஆகியும் கண் திறக்கவில்லை. பொறுப்பாக இருந்த நேர்ஸ் பிலிப்பீன்ஸ்காரி, அவளும் எங்கேயோ ஒரு கொட்டிலில் இந்தப் பாடங்களைப் படித்து வந்தவளாகத்தான் இருப்பாள். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், பழகின குரல் கேட்டால் எழும்புவார் என்றாள். சொன்னால் ஆயுள் குறையும். சொல்லாவிட்டால் எழும்பமாட்டார். சிரிக்காதீர்கள், கனடாவில் முப்பது வருடம் இருந்தவளுக்கு அந்த நேரத்தில் அந்த இரண்டைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. குனிந்து, "முருகதாஸ்" என்றேன். ஒரு அசைவும் இல்லை. நேர்ஸ் இன்னும் சத்தமாக என்றாள். "முருகதாஸ்!" என்று மார்கிரெட் மாதிரியே கத்தினேன். மெஷின்தான் சத்தம் போட்டது. பெயரையும் சொல்லியாயிற்று, மனிசனும் போகப்போகிறாரா? அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, அழுதபடி, வீட்டில் எப்போதும் அவரைக் கூப்பிடுகிற மாதிரி, "இஞ்சாருங்கோ... இஞ்சாருங்கோ" என்றேன்.

பேப்பருக்குப் பின்னாலிருந்து கேட்கிற மாதிரி, "ம்... என்ன?" என்றார்.

பின்னேரம் தலையணையில் சாய்ந்திருந்து கஞ்சி குடிக்கும்போது, "காலமை ஆரோ என்ரை பேரைச் சொல்லிக் கத்தினது கேட்டது" என்றார். பிறகேன் கண் திறக்கேல்லை என்று கேட்டேன். "இஞ்சத்தை ஆஸ்பத்திரி ஆள் ஆரோ எண்டு நினைச்சன். நீர் வருமட்டும் பாத்துக்கொண்டு கிடந்தனான்."

கட்டிலுக்கு எதிரே சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. முதல் வரியில் நோயாளியின் பெயர், முருகதாஸ். அடுத்த வரி, எப்படி அழைத்தால் விருப்பம். அதில் காலை நேர்ஸ் தன் காதில் விழுந்ததை அப்படியே ஆங்கில எழுத்தில் எழுதிவிட்டுப் போயிருந்தாள். அழிப்பதற்கு எழும்பினேன், பிறகு இருந்துவிட்டேன். பின்னேர வேலைக்கு வந்த புது நேர்ஸ் வாசலில் நின்று பலகையை எழுத்துக்கூட்டி வாசித்து, "ஹலோ, இஞ்சாருங்கோ!" என்றாள். நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தோம்.