வெர்லின் காதில் ஒரு ரீங்காரம்

பக்கத்து வீட்டு வெர்லினை அன்றைக்கே தீர்த்துக்கட்டியிருப்பேன். நான் சர்ச்சுக்குப் போன நேரம் பார்த்துப் பின்வாசல் வழியாக நுழைந்து, மான்கறி அடைத்துவைத்திருந்த என் ஃப்ரீசரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டான். வடக்கு விஸ்கான்சினில் நாங்கள் யாரும் கதவைப் பூட்டுவதில்லை. நாற்றம் வந்த பிறகுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. வேட்டை சீசன் மொத்தமும் குப்பைக்குப் போயிற்று.

"ஏண்டா பாவி?"

"காதுல எந்நேரமும் ஙொய்ன்னு ஒரு சத்தம், டுவேன். உன் ஃப்ரீசர்தான்னு நெனச்சேன்."

"நின்னுச்சா?"

"இல்ல."

"அப்ப திரும்பச் சொருகித் தொலைக்கிறதுக்கு என்ன கேடு?"

"மறந்துட்டேம்ப்பா."

டாக்டர் அவன் காதிலிருந்த அழுக்கை எடுத்துப் பார்த்தார். முழங்கால் வலிக்கு அள்ளி விழுங்கிக்கொண்டிருந்த ஆஸ்பிரினைக் குறைக்கச் சொன்னார். சத்தம் போகவில்லை. காலமெல்லாம் காதை மூடாமல் ரம்பம் ஓட்டினாய், துப்பாக்கி சுட்டாய், உள்காது கெட்டுவிட்டது, சத்தம் வெளியே இல்லை என்றார்.

"அந்தாளுக்குத்தான் காது செவிடு" என்றான் வெர்லின். கரண்டே இல்லாத காட்டு கேபின் ஒன்றை வாங்க, வீட்டை விற்கப்போவதாகச் சொன்னான்.

அவன் மனைவி லவோன் என்னிடம் வந்து அழுதாள். "பிள்ளைங்க பொறந்த வீடு டுவேன். அங்க போய் நான் கரடியோடவா குடித்தனம் பண்ணுவேன்?"

மூவருமாகக் கேபினைப் பார்க்கப் போனோம். முழங்கால் அளவு பனி, காற்று அசையவில்லை. உள்ளே போனதும் வெர்லின் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றான். முகம் கோணியது. வெளியே ஓடி ஒவ்வொரு மரத்திலும் காதை வைத்துக் கேட்டான். என்னைப் பார்த்து முறைத்தான்.

"பாக்கெட்டுல என்னத்த ஓட விட்டிருக்கே? காட்டு."

"போடா லூசு!"

திரும்பி வந்து கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தான். "இங்க இன்னும் பலமாக் கேக்குது. எனக்குள்ளதான் இருக்கு, இல்ல லவோன்?" கண் கலங்கியிருந்தது. எனக்குக் கோபமெல்லாம் போய்விட்டது.

"அதுக்கென்ன?" என்றாள் லவோன். "இருந்துட்டுப் போகட்டும். எந்திரி, வீட்டுக்குப் போலாம். சூப் வெச்சுத் தரேன், அந்தக் கதவை நல்லாச் சாத்து, உன் ஷூ பூரா பனி பாரு..."

ஊரறிய அவளை 'வாயை மூடு' என்று அடக்கியே பழகிய மனுஷன், நிமிர்ந்து பார்த்தான்.

"நிறுத்தாத லவோன். நீ பேசறப்ப அது கேக்கல."

அவளோ வாயைப் பொத்திக்கொண்டு தேம்பினாள். வீடு வரும்வரை நான்தான் தொண்டை வறளப் பேசிக்கொண்டு வண்டி ஓட்டினேன்.