மௌனத்தில் விழுந்த பொன்னாடை

எங்கள் சேலம் சேர்ந்திசைக் குழுவில் நான் கடைசி வரிசை ஆள். முந்நூறு வருடத்துக்கு முந்தைய ஜெர்மன் தேவாலய இசையை ஆறு மாதம் முக்கி முனகிப் பயின்று, திருச்செங்கோட்டில் ஒரு கல்லூரி அரங்கில் பாடினோம். தனிப்பாடல்களுக்குச் சென்னையிலிருந்து இருவர் வந்திருந்தார்கள். செலவை ஏற்றவர் நாலு போர்வெல் வண்டிகளுக்குச் சொந்தக்காரர். ஆகவே இசையைப் பற்றி எல்லாம் தெரிந்தவர். விழாவுக்கும் அவரே தலைவர்.

இயேசுவின் மரணத்தைப் பாடும் இசை அது. அதில் அவர் சிலுவையில் உயிர்விட்டதும் இசை நின்று, சில நொடிகள் முழு மௌனம் இருக்க வேண்டும். அந்த மௌனத்துக்காக மட்டும் எங்கள் இசை இயக்குநர் ஒரு மாதம் எங்களை வறுத்தெடுத்திருந்தார். அன்று ஒருவர்கூட இருமவில்லை. பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்த தலைவர் பொன்னாடைகளோடு மேடையேறினார்.

“நல்லாப் பாடுனீங்க சாமி. இப்படித் திரும்புங்க, போட்டோ எடுக்கட்டும்” என்று சென்னைக்காரர்கள் இருவருக்கும் போர்த்தினார். படம் சரியாக விழவில்லை என்று மறுபடியும் போர்த்தினார். அரங்கமே எழுந்து கைதட்டியது. மிச்சமிருந்த துக்கத்தை, பாவம், அவர்கள் சரிகைக்குள் வியர்த்தபடி பாடி முடித்தார்கள்.

அடுத்த வருடச் செலவும் அவருடையதுதான். ஒன்று பொன்னாடைக்குப் போனாலும் ஒன்றாவது மிஞ்சட்டும் என்று, இயக்குநர் இப்போது இரண்டு மௌனங்கள் உள்ள இசையாகத் தேடிக்கொண்டிருக்கிறார். நானும் கூடச் சேர்ந்து தேடுகிறேன்.