ஒரே கார்டு, இரண்டு ஐபி முகவரி

இன்று காலை ஜாசின் ஊர்ப் பக்கம், செம்பனைப் பழம் நிறுக்கும் ஓர் எடைநிலையத்துக்கு நெட்வொர்க் பழுதுபார்க்கப் போயிருந்தேன். நேற்று புது மோடம் மாட்டியதிலிருந்து அங்கே எடை இயந்திரத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் தொடர்பே இல்லை. வாசலில் பழம் ஏற்றிய ஏழு லாரிகள்.

"டிரைவருங்க எல்லாம் என்னையே மொறைக்கிறாங்க லா அண்ணே," என்றாள் கிளார்க் கவிதா.

புது மோடம் கம்ப்யூட்டரின் ஐபி முகவரியை மாற்றியிருந்தது. எடை இயந்திரமோ பழைய முகவரியைத்தான் தேடியது. அதில் முகவரியை மாற்றலாமென்றால், அதன் பாஸ்வர்ட் யாருக்கும் தெரியாது.

நல்லவேளை, கம்ப்யூட்டரில் இருந்தது லினக்ஸ். இருந்த ஒரே நெட்வொர்க் கார்டில், புது முகவரியோடு பழையதையும் சேர்த்துவிட்டேன். ஒரே வரி கட்டளைதான். எடை திரையில் வந்தது, இணையமும் அறுந்துபோகவில்லை. முதல் லாரி நகர்ந்தது.

பெருமையாகப் பையைத் தூக்கினேன்.

"அண்ணே, ரீஸ்டார்ட் பண்ணா இது இருக்குமா?"

இருக்காது! அந்தக் கட்டளை தற்காலிகம்தான்.

பையை வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்து, இரண்டு முகவரிகளையும் செட்டிங்கில் நிரந்தரமாக எழுதினேன். ரீஸ்டார்ட் செய்தும் காட்டினேன்.

"ஆ, இப்ப போலாம்," என்று அனுமதி கொடுத்தாள்.

பதினோரு வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன். என் மேனேஜர்கூட ஒருநாளும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. உங்கள் ஆபீஸில் கேட்கிற ஆள் யார்?