பழையதைப் பார்க்க மறுத்தவர்கள்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை, ஐந்தாம் வகுப்போடு சரி. நடந்ததில் பாதி மறந்தும் போகிறது. கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மருமகள் வீட்டிலேயே கம்ப்யூட்டர் வைத்துப் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வரைந்து கொடுக்கிறாள். அவள் வைத்திருக்கும் சாப்ட்வேர், எந்தெந்த ஊரிலோ இருப்பவர்கள் சேர்ந்து செய்து, யாரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம் என்று பொதுவில் விட்டது. போன தீபாவளி சீசனில் ஒரு வெளியூர்க் கம்பெனி, படத்தை அச்சுக்கு நாலு கலராகப் பிரிக்கும் பகுதி தங்களுடையது என்று நோட்டீஸ் விட்டது. செய்தவர்கள் உடனே அதை எடுத்துவிட்டு, புதிதாகச் செய்யும்வரை யாரும் பயன்படுத்த வேண்டாம் என்றார்கள். அச்சங்குளத்துப் பட்டாசு ஆலை ஒன்றின் மயில் லேபிள் ஆர்டர் நின்றுபோனது. சொன்ன நாளில் லேபிள் போகாவிட்டால் அந்தப் பட்டாசு ஆபீஸ்காரர் வேறு ஆளைப் பார்த்துவிடுவார்.

எங்கள் பக்கத்தில் ஒரு லேபிள் நன்றாக ஓடினால், கொஞ்ச நாளில் வேறொரு பெட்டியில் அதே கிளி மறுபக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கும். அந்த நினைப்பில் நான், "பழசு உன்கிட்ட இருக்குல்ல தாயி, அதைப் பாத்துக் கொஞ்சம் மாத்திக்கிறச் சொல்லு" என்றேன். அவளும் சாப்ட்வேர் செய்தவர்களுக்கு, பழசை அனுப்பட்டுமா என்று கேட்டு எழுதினாள்.

பதிலை அவளே படித்துச் சொன்னாள். "அனுப்பவே வேண்டாம்னு எழுதிருக்காக அத்தை. அது கண்ணுல பட்டுட்டா, புதுசுல கை வைக்க மாட்டாகளாம்."

பார்த்துச் செய்தால் புதியதும் காப்பிதான் என்று அந்தக் கம்பெனி சொல்லிவிடுமாம். அந்தப் பகுதியை அதுவரை பார்த்துக்கொண்டவர் தானாகவே ஒதுங்கிவிட்டாராம். அது என்ன வேலை செய்ய வேண்டும் என்று மட்டும் எழுதிக் கொடுத்தாராம், எப்படி என்று மூச்சு விடவில்லையாம். பழையதைப் பார்க்காதவர்கள் முதலிலிருந்து செய்தார்கள்.

காலையில் மருமகள் எழுந்தால், எங்கோ ஒருவர் ஒரு துண்டை முடித்து வைத்திருப்பார். அவள் மயில் லேபிளைப் போட்டுப் பார்ப்பாள். ஒரு தடவை கழுத்து கருத்துப்போய் வந்தது. மயிலா காக்காயா என்று கேட்டு எழுது என்றேன், எழுதியேவிட்டாள். ஒருவர் காக்காயிடம் மன்னிப்புக் கேட்டுத் திருத்தி அனுப்பினார். யாருக்கும் சம்பளமில்லை, ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது.

கெடு முடிவதற்குள் கழுத்து நீலமாக வந்தது. பிரஸ்ஸில் ஓடிய முதல் தாளை மருமகள் வெயிலில் பிடித்துக் காட்டினாள். இருக்கன்குடிக் கோயிலில் நடை திறக்கையில் நிற்பதுபோல நின்றேன்.

லேபிள் நாளுக்குள் போய்ச் சேர்ந்தது. நோட்டீஸ் விஷயமும் கலர் விஷயமும் அவள் சொல்ல நான் புரிந்துகொண்டதுதான். விவரம் தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துத் திருத்துங்கள். ஒதுங்கி நின்றவர் செய்ததை நான் குறைத்து எழுதியிருந்தால், அதை முதலில் சொல்லுங்கள்.