மடியில் வந்த ரப்பர் செடி

பஸ்ஸில் கை நீட்டிய அந்த அம்மாவிடம் என் மகளைக் கொடுத்திருக்கலாமோ?

ஒத்தக்கடை நர்சரியில் வீட்டுக்குள் வைக்க ஒரு ரப்பர் செடி வாங்கிக்கொண்டு, இடுப்பில் பத்து மாதப் பிள்ளையோடு ஏறியிருந்தேன். நிற்க இடமில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர் பிள்ளையை வாங்கக் கை நீட்டினார். தெரியாதவரிடம் கொடுக்கப் பயந்து, தொட்டியைக் கொடுத்தேன்.

“பிள்ளையத் தர மாட்ட, செடிய மட்டும் நம்பித் தருவியாக்கும்” என்று சிரித்தார். நெற்றி நிறையத் திருநீறு, கறுத்து மெலிந்த கைகள். முந்தானையால் ஒவ்வோர் இலையாகத் தூசி துடைத்துக்கொண்டே வந்தார்.

திடீர் பிரேக்கில் ஓர் இலை ஒடிந்து அவர் விரல்களில் வெள்ளையாகப் பால் வடிந்தது. மகள் அதைத் தொடத் தாவினாள். அவர் தொட்டியோடு திரும்பிக்கொண்டார்.

“இந்தப் பால் பட்டா அரிக்கும் தாயி. கண்ணுல பட்டா எம்புட்டு எரியும் தெரியுமா? இதையா வீட்டுக்குள்ள வைக்கப் போற?”

மாட்டுத்தாவணியில் இறங்கும்போது மகள் அவரிடம் போகக் கைகளை விரித்தாள். “வேணாம் ராசாத்தி, கையெல்லாம் பாலு” என்று அவர் கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டார். எனக்கு வெட்கமாக இருந்தது.

இப்போது செடி ஹாலில் ஸ்டூல்மேல் இருக்கிறது. மகள் அந்த ஸ்டூலைப் பிடித்துத்தான் எழுந்து நிற்கிறாள். குழந்தையோடு இச்செடி வளர்த்தவர்கள் சொல்லுங்கள், வைத்துக்கொள்ளவா, யாருக்காவது கொடுத்துவிடவா?