நாய்க்கு எழுதிய மாத்திரை

ஜூலை ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு நாற்பது. இலங்கை மலையகத்து வட்டவளையில் தூறல். நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்துக்குப் பஸ் பிடிக்கக் கிளம்பியதும் என் நாய் கதவைப் பிறாண்டி ஊளையிட்டது. மனைவி இறந்த பிறகு அது இருபத்தாறாவது முறை.

"மாஸ்டர், எம் புள்ள தூங்குறதே இல்ல. நாய எங்கயாச்சும் கொண்டுபோயி விட்டுருங்க," என்றார் லயத்தில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், பக்கத்து வீட்டுப் பெண். அது மனைவி வளர்த்த நாய். விட்டுவிட எனக்கு மனமில்லை.

அன்றே அதை ஹட்டனில் மிருக வைத்தியரிடம் காட்டினேன். தனிமைப் பயம் என்று சொல்லி, மனச்சோர்வுக்கு மனிதர்கள் சாப்பிடும் மாத்திரையையே எழுதித் தந்தார். குணம் தெரிய ஆறு வாரம் ஆகலாம் என்றார்.

மருந்துக்கடைக்காரர் "யாருக்குங்க மாஸ்டர்?" என்றார். "நாய்க்கு" என்றேன். அவர் நம்பவில்லை. மறுநாள் லயம் முழுக்க எனக்கு மனநோய் என்று பேச்சு.

மாலையில் அந்தப் பெண்ணே ரொட்டியோடு வந்தார். "தனியா கெடந்து கஷ்டப்பட்டிருக்கீங்க, எங்களுக்கு வெளங்கல. வெளிய போனா நாய எங்க வீட்ல விடுங்க."

"மாத்திரை நாய்க்குத்தான்" என்று மூன்று முறை சொன்னேன்.

"சரிங்க மாஸ்டர், சரிங்க."

மாத்திரை தொடங்கிய முப்பத்தெட்டாம் நாள் நான் ஹட்டன் போய்த் திரும்பியபோது, அவர் வீட்டு அடுப்படியில் நாயும் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மருந்து பயத்தைத் தணித்தது, அந்த வீடு மிச்சத்தைச் செய்தது என்றார் வைத்தியர்.

அந்தப் பெண் இன்றும் "மாத்திர போட்டீங்களா?" என்று என்னைத்தான் கேட்கிறார். போட்டேன் என்கிறேன். அவர் தந்த பத்தொன்பது ரொட்டிக்குக் காசு வாங்கவில்லை. வைத்தியர், மாத்திரை, பஸ் எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு பதினோராயிரத்து இருநூற்று நாற்பது ரூபாய்.